பேத்தியின் போட்டோவும் ஒரு காதல் கதையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். பேத்தியின் போட்டோ. சாத்தூரில் சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்தது. பட்டுப்புடவை கட்டி, யாரோ சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கூடவே ஒரு செய்தி: "அப்பா, ஜாதகத்தோட அனுப்பணும். முகத்த மட்டும் கொஞ்சம் வெளுப்பா ஆக்கிக் குடுங்க. உடம்பும் கொஞ்சம் கொறஞ்சா நல்லது."

அவளுக்கு நிறம் என்னுடையது, உடல்வாகு அவள் பாட்டியுடையது. இதில் அந்தப் பிள்ளை செய்த தப்பு ஒன்றும் இல்லை.

இந்த வேலையை மகன் என்னிடம் கேட்டதில் ஆச்சரியமில்லை. 1971-இல் 19 வயதில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சேர்ந்து, அங்கும் இங்குமாக மாறி, 2010-இல் ஓய்வு பெறும்வரை நான் செய்தது ரீடச்சிங் வேலைதான். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது தெரியும். ஆனால் அந்த வேலையில் எதைச் செய்தேன் என்று இதுவரை முழுதாக எழுதியதில்லை. இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

நாலு கலர் அச்சில் மனித முகம் பெரும்பாலும் மஞ்சளும் மெஜந்தாவும்தான். அதில் நீலமும் கறுப்பும் எவ்வளவு சேருகிறதோ அவ்வளவு முகம் கறுக்கும். ஃபிலிம் பாசிட்டிவை லைட் டேபிளில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். பொட்டாசியம் ஃபெரிசயனைடையும் ஹைப்போவையும் கலந்த கரைசலைத் தூரிகையால் தொட்டு வைத்தால் புள்ளி கரைந்து சிறுக்கும். நீலப் பாசிட்டிவில் முகத்து இடத்தை மட்டும் அப்படிக் கரைத்துவிட்டால், மிஷினிலிருந்து வரும் தாளில் அந்தப் பெண் சிவப்பாகிவிடுவாள். கொஞ்சம் நேரம் தவறினால் புள்ளியே போய்விடும். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகும். அந்த அளவு தெரிந்தவனுக்குத்தான் மரியாதை. எனக்கு அந்த அளவு தெரியும்.

ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட வேண்டும் என்பதால் அதற்கு முந்தின மாதங்களில் ராத்திரி பகல் தெரியாது. சாமி படம், குழந்தை படம், குத்துவிளக்கு ஏற்றும் பெண் படம். பார்ட்டி வந்து புரூஃபைப் பார்த்துவிட்டுச் சொல்லும் முதல் வார்த்தை, "அண்ணாச்சி, மூஞ்சியக் கொஞ்சம் செவப்பாக்குங்க" என்பதுதான். 40 வருஷத்தில் ஒரே ஒருவர்கூட "முகம் ரொம்ப வெளுப்பா இருக்கு" என்று புரூஃபைத் திருப்பியதில்லை. மத்தாப்பூப் பெட்டியில் சிரிக்கிற குழந்தைகளைப் பாருங்கள். அந்தப் பெட்டியை ஒட்டி அடுக்கிய பெண்களின் குழந்தைகளில் ஒன்றுகூட அந்த நிறத்தில் இருக்காது. கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் இங்கே தொழில் தொடங்க, தீப்பெட்டி லேபிளுக்காக அச்சுத் தொழில் வளர்ந்தது. அந்த அச்சு, நாடு முழுவதற்கும் அழகு என்றால் என்ன என்று சுவரில் மாட்டிக் காட்டியது. கோவில்பட்டியில் இருந்து கொண்டையராஜு வரைந்த தெய்வங்களும் அப்படி வீடு வீடாகப் போனவைதான். அவரை நான் குறை சொல்லவில்லை, அவர் பெரிய கலைஞர். தெய்வம் எந்த நிறத்திலும் இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்தில் நின்று கும்பிடுகிற பிள்ளைக்குத்தான் சங்கடம்.

எங்கள் வீட்டுச் சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். 1977. என் தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தோம். ஸ்டூடியோக்காரர் நண்பர் என்பதால் நெகட்டிவை வாங்கிவந்து, ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து நெகட்டிவின் மேல் பென்சிலால் வேலை செய்தேன். நெகட்டிவில் எவ்வளவு கரி ஏறுகிறதோ அவ்வளவு பிரிண்டில் முகம் வெளுக்கும். நல்ல வேலை அது. என் கைக்கு அதுவரை வந்ததில் நல்ல வேலை. தங்கச்சியே அதைப் பார்த்துவிட்டு, "இது யாருண்ணே?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அருப்புக்கோட்டையிலிருந்து 8 பேர் வந்தார்கள். தங்கச்சி காப்பித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா மடியிலிருந்த போட்டோவைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். "பெரியவ வந்துட்டா, கேட்ட பிள்ளை எங்க?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே இன்னொரு பெண் இருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். காப்பி ஆறிப்போனது. அவர்கள் போனபிறகு தங்கச்சி அழவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "இனிமே எனக்குப் போட்டோ எடுக்காதீங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

1981-இல் இராஜபாளையத்தில் நல்ல இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. மில்லில் வேலை பார்த்த மாப்பிள்ளை, தங்கமான மனுஷன். ஆனால் அவள் சொன்னது சொன்னதுதான். என் கல்யாண ஆல்பத்தில் அவள் இல்லை. என் மகன் கல்யாண ஆல்பத்தில் ஒரே படத்தில், யாருடைய தோளுக்கோ பின்னால், பாதி நெற்றி தெரிகிறது. அவளை மறுத்த குடும்பத்தின்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. பொய் சொன்னது போட்டோ, போட்டோவைச் செய்தது நான்.

பேத்தியின் படத்தைக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். தீபாவளிக்கு வந்தபோது அவள் விட்டுப்போன ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்று அலமாரியில் இருந்தது. ஜூலி மர்ஃபி என்ற அமெரிக்க எழுத்தாளர் 2015-இல் எழுதிய 'டம்ப்லின்'. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 11 நாளில் படித்தேன். 16, 17 வயதுப் பிள்ளைகளுக்காக எழுதிய காதல் கதை. எனக்கு 73. இருந்தாலும் படித்தேன்.

டம்ப்லின் என்றால் வெந்த மாவுருண்டை. நம் ஊர்க் கணக்கில் கொழுக்கட்டை. டெக்ஸாஸில் ஒரு சின்ன ஊர். வில்லோடீன் என்ற பருத்த பெண். அவளைக் கொழுக்கட்டை என்று கூப்பிடுவது வேறு யாரும் இல்லை, பெற்ற தாய். பாசமாகத்தான் கூப்பிடுகிறாள். அந்த அம்மா அந்தக் காலத்து உள்ளூர் அழகிப் போட்டியில் கிரீடம் வாங்கியவள், இப்போது அந்தப் போட்டியை நடத்துகிறவள். வருஷா வருஷம் பட்டினி கிடந்து பழைய கவுனுக்குள் தன்னை நுழைத்துக்கொள்கிறாள். அந்தப் போட்டிக்கு மகள் பெயர் கொடுக்கிறாள். இதுதான் கதை.

பட்டப்பெயரைப் படித்தவுடன் எனக்கு நம் தெருக்கள்தான் ஞாபகம் வந்தன. கருவாச்சி, குண்டம்மா, பூசணி, பல்லி, நெட்டச்சி. பாசமாகத்தான் கூப்பிட்டோம். கூப்பிடப்பட்டவர்களிடம் கேட்டோமா? கரிசல் காட்டில் பிறந்து, கரிசல் மண்ணுக்குப் பெருமை பேசி, கரிசல் இலக்கியம் என்று தனியாகப் பெயரும் வைத்துக்கொண்ட நாம், அதே நிறத்தில் பிறந்த பெண்ணை "கலர் கம்மி" என்கிறோம். என்னவோ ரேஷன் கடையில் அளவு குறைந்ததுபோல. "கறுப்பே அழகு காந்தலே ருசி" என்று பழமொழி வைத்திருக்கிறோமே என்பீர்கள். கறுத்த பெண்ணைத் தேற்றுவதற்கு மட்டும் அதைச் சொல்கிறோம். சிவந்த பெண்ணுக்கு யாரும் பழமொழி சொல்லித் தேற்றுவதில்லை.

என் மனைவி தொடர்கதைப் பிரியை. 1969-இல் ராணிமுத்து வர ஆரம்பித்த காலத்திலிருந்து மாத நாவல் படிக்கிறவள். ரமணிசந்திரன் எழுதியதில் அவள் படிக்காதது அபூர்வம். நூற்றுக்கு மேல் எழுதியவரை இவ்வளவு விடாமல் படித்த வாசகிக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும் என்றுகூட நினைப்பேன். அந்தக் கதைகளின் கதாநாயகிகள் ஏழையாக இருப்பார்கள், தாய் தகப்பன் இல்லாமல் இருப்பார்கள், வேலைக்குப் போய்க் கஷ்டப்படுவார்கள். ஆனால் அழகாகத்தான் இருப்பார்கள். பணம் இல்லாமல் இருக்கலாம், குடும்பம் இல்லாமல் இருக்கலாம், நிறம் இல்லாமல் மட்டும் இருக்கக்கூடாது. இதை அவளிடம் சொன்னேன்.

"ஏங்க, நாள் பூரா அடுப்படியில நின்னுட்டு ஒம்பது மணிக்கு மேல ஒரு ரெண்டு மணி நேரம் படிக்கிறோம். அந்த ரெண்டு மணி நேரமாவது நாங்க அழகா இருந்துட்டுப் போறோமே. அது உங்களுக்குப் பொறுக்கலையா?" என்றாள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. காதல் கதையை மட்டமாகப் பேசுகிற ஆண்கள் நம் வயதில் நிறையப் பேர். நானும் ஒருவனாக இருந்தேன். சரித்திர நாவலில் ஒருவன் தனியாக 40 பேரை வெட்டினால் இலக்கியம், மாத நாவலில் ஒரு பெண்ணை ஒருவன் அன்பாகப் பார்த்தால் குப்பை என்பது என்ன நியாயம்? அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் கண்ணை மூடி அழகாக இருந்துவிட்டு, புத்தகத்தை மூடியதும் கண்ணாடியைப் பார்க்க வேண்டியிருக்கிறதே, அப்போது என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

நம் பக்கத்தில் இதைத் தொட்டுப் பேசிய கதையே இல்லையா என்றால், உண்டு. 1963-இல் ஏவி.எம். எடுத்த 'நானும் ஒரு பெண்'. ஏ.சி.திருலோகசந்தர் இயக்கம். வங்க நாடகம் ஒன்றிலிருந்து எடுத்த கதை. படிக்காத, கறுத்த பெண்ணாக விஜயகுமாரி, கணவனாக எஸ்.எஸ்.ராஜேந்திரன். பி.சுசீலா குரலில் அவள் கண்ணனிடம் தன் நிறத்தைச் சொல்லி முறையிடுகிற பாட்டு வானொலியில் வந்தால், எங்கள் தெருவில் பல வீடுகளில் பேச்சு நின்றுவிடும். நல்ல படம். அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஆனால் ஓய்வாக உட்கார்ந்து யோசித்தால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று, கறுத்த பெண்ணாக நடிக்கக் கறுத்த நடிகை யாரும் கிடைக்கவில்லை. விஜயகுமாரிக்குக் கறுப்பு பூசினார்கள். தெலுங்கில் எடுத்தபோது சாவித்திரி, இந்தியில் எடுத்தபோது மீனாகுமாரி. மூன்று மொழியிலும் மை பூசிய அழகிகள். நான் நீலத்தை எடுத்தேன், அவர்கள் நீலத்தைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். இரண்டாவது, அந்தப் பெண் கறுப்பாக இருந்ததற்குக் கட்டிய வட்டி. வெறுக்கிற மாமனார் ரங்காராவுக்குச் சேவை செய்து, பொறுத்து, தியாகம் செய்து, தெய்வமாகவே ஆனபிறகுதான் வீட்டில் இடம். சிவப்பாக இருந்திருந்தால் சாதாரண மருமகளாக இருந்தாலே போதுமே!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 1847-இல் சார்லட் பிராண்டி எழுதிய 'ஜேன் ஐர்'. அநாதையாக வளர்ந்து, ஒரு பெரிய வீட்டுக்குக் குழந்தைக்குப் பாடம் சொல்லித்தர வருகிறவள் ஜேன். கதாநாயகி அழகாக இருந்தால்தான் கதை ருசிக்கும் என்று நினைத்த தன் சகோதரிகளிடம், என்னைப்போலச் சிறுத்த, சாதாரணமான ஒருத்தியை வைத்து எழுதிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டு எழுதினாராம். எலிசபெத் காஸ்கெல் எழுதிய பிராண்டியின் வாழ்க்கை வரலாற்றில் இந்தச் செய்தி இருக்கிறது. கதையின் உயிரே அதுதான். அந்தக் கதை நம் நாட்டுக்கு வந்தது. 1952-இல் இந்தியில் 'சங்தில்'. சாதாரண முகம் கொண்ட ஜேன் யார் தெரியுமா? மதுபாலா! 1969-இல் தமிழில் 'சாந்தி நிலையம்'. ஜெமினி கணேசனும் காஞ்சனாவும். மார்கஸ் பார்ட்லி கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி கலரில் எடுத்து, தேசிய விருதும் வாங்கினார். சிவகாசியிலிருந்து சைக்கிளில் போய்த் திரும்பத் திரும்பப் பார்த்த படம் அது, இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் சவாலைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்பது இந்த வயதில்தான் புரிகிறது. அச்சு வேலையில் அதற்கு ரீடச்சிங் என்று பெயர்.

மூலக்கதையின் முடிவில் வீடு தீப்பிடித்து, கதாநாயகன் ராச்செஸ்டர் ஒரு கையையும் பார்வையையும் இழக்கிறான். ஜேன் திரும்பி வந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். இதை மனைவியிடம் சொன்னபோது, "கண்ணு போனப்புறம் கலர் எதுக்கு?" என்றாள். இல்லை, கண் நன்றாக இருந்தபோதே அவளை விரும்பினான் என்று விளக்கினேன். "அப்பச் சரி" என்று மன்னித்துவிட்டாள்.

2015-இல் 'இஞ்சி இடுப்பழகி' வந்தது. தெலுங்கில் 'சைஸ் ஜீரோ'. ஆர்யா கதாநாயகன். அனுஷ்கா இதற்காகவே உடம்பைக் கூட்டி நடித்தார். பாராட்டத்தான் வேண்டும். பருத்த பெண்ணைச் சிரிப்பு நடிகையாக மட்டுமே காட்டிவந்த ஊரில், அவளைக் கதாநாயகியாக்கி, மெலிய வைக்கிறேன் என்று ஏமாற்றும் கூட்டத்தோடு சண்டை போட வைத்தது பெரிய காரியம். ஆனாலும் பழைய கணக்குதான். மேலே போட்டதைக் கழற்றிவிட்டுப் போகக்கூடிய ஒருவர்தான் அந்த வேஷத்துக்கு வந்தார்.

இந்த இடத்தில்தான் அந்தக் கொழுக்கட்டைக் கதை என்னை உட்காரவைத்தது. வில்லோடீன் கதையின் தொடக்கத்தில் தன் உடம்போடு நன்றாகவே இருக்கிறாள். யார் என்ன சொன்னாலும் வாயாடி ஜெயிக்கிறவள். பிறகு கூட வேலை பார்க்கும் போ என்ற பையன் அவளை விரும்புகிறான். எல்லா ஊர்க் கதையிலும் அழகான பையன் விரும்பியதும் பெண்ணுக்குத் தைரியம் வரும். இவளுக்குத் தைரியம் போய்விடுகிறது. அவன் கை தன்மேல் பட்டதும், அவன் விரலுக்கு என் முதுகுச் சதை தெரிந்துவிடுமே என்று முதல்முறையாகக் கூசுகிறாள். அதுவரை தன் கண்ணால் தன்னைப் பார்த்தவள், அன்றிலிருந்து அவன் கண்ணால் பார்க்கத் தொடங்குகிறாள். அந்தக் கூச்சத்தைத் தாண்டுவது அவளே செய்யவேண்டிய வேலை, அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் செய்து தர முடியாது. கடைசியில் அவள் மெலியவும் இல்லை, கிரீடம் வாங்கவும் இல்லை. யாருக்கும் சேவை செய்து தன் உடம்புக்கு வட்டியும் கட்டவில்லை. அந்தக் காலத்தில் இப்படி ஒரு புத்தகம் என் தங்கச்சி கையில் கிடைத்திருந்தால் என்று யோசித்துப் பார்த்தேன். கிடைத்திருந்தாலும் நான் அவள் நெகட்டிவில் பென்சிலை வைத்திருப்பேன் என்பதும் தெரிகிறது.

அதே கதையில் இறந்துபோன லூசி என்று ஒருத்தி. அம்மாவின் உடன்பிறந்தவள், மிகப் பருமனானவள், வில்லோடீனை வளர்த்தவளே அவள்தான் என்று சொல்லலாம். அவள் சாமான்களுக்கு நடுவில் அந்த அழகிப் போட்டியின் பழைய விண்ணப்பப் படிவம் கிடைக்கிறது. ஆசைப்பட்டிருக்கிறாள், மேடை ஏறவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு, மகன் கல்யாண ஆல்பத்தை எடுத்து அந்தப் பாதி நெற்றியைப் பார்த்தேன்.

இதைப் படிக்கிற நண்பர்கள் சிலர் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "உடம்பைக் குறைக்கச் சொல்வது அழகுக்கா, ஆரோக்கியத்துக்குத்தானே? சர்க்கரை, பிரஷர் எல்லாம் வருமே." எனக்குச் சர்க்கரை வந்து 18 வருஷம் ஆகிறது. நான் ஒல்லி. டாக்டர் எடை மிஷினில் ஏற்றி நிறுத்துவதற்கும், பெண் பார்க்க வந்த வீட்டார் கண்ணால் எடை போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு நடக்கிறாய் என்று கேட்கிறார். மற்றவர்கள் பந்தியில் வைத்து, "இன்னொரு பரோட்டாவா?" என்று கேட்கிறார்கள். நம் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவை ஆண் பத்துத் தின்றால் பெருமை, பெண் மூன்றாவதைத் தொட்டால் செய்தி.

உடம்பை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்வதில் எனக்கு ஓர் இடத்தில் தயக்கமும் உண்டு. எங்கள் எதிர்வீட்டு மதினி பட்டாசு ஆலைக்குப் போய்வந்தவர். அலுமினியப் பவுடர் ஒட்டிய கை, எத்தனை சோப்புப் போட்டாலும் சாயங்காலம் வெள்ளி மாதிரி மினுங்கும். ஒருநாள் நடந்த விபத்தில் கழுத்திலும் இடது கையிலும் தீக்காயம். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. தோல் இறுகி, கழுத்தை முழுதாகத் திருப்ப முடியாது. முழங்கை மறைய ரவிக்கை, கழுத்தைச் சுற்றி முந்தானை, சித்திரை வெயிலிலும். "கல்யாண வீட்டுல போட்டோக்காரப் பய என்னைய மட்டும் ஓரமா நில்லுங்கங்கான் அண்ணாச்சி" என்று ஒருமுறை சொன்னார். அவரிடம் போய், உங்கள் உடம்பை நேசியுங்கள் என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னால் அது அக்கிரமம். அவருக்கு முதலில் வேண்டியது அந்த இறுக்கத்தைத் தளர்த்தும் ஆபரேஷன், வரவேண்டிய இழப்பீடு. அதைவிட முதலில், அந்த விபத்து நடக்காமல் இருந்திருக்க வேண்டும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் அத்தனை உயிர் போனபோது, பிழைத்து வந்தவர்களின் முகத்தைப் பற்றி யார் பேசினோம்? காயம் வரவிடாமல் தடுப்பது ஆலையின் வேலை, அரசாங்கத்தின் வேலை. ஆனால் அந்தப் போட்டோக்காரன் அவரை ஓரமாக நிற்கச் சொல்வது இருக்கிறதே, அது என் தொழில்காரன் செய்கிற காரியம். அதை நிறுத்த எந்த உத்தரவும் தேவையில்லை.

2025 மார்ச் மாதம் கேரளத்தின் தலைமைச் செயலாளர் சாரதா முரளிதரன் தன் நிறத்தைப் பற்றி முகநூலில் எழுதியதைப் பலர் படித்திருப்பீர்கள். அந்தப் பதவியில் முன்பு இருந்த அவருடைய கணவரின் நிறத்தையும் இவருடைய நிறத்தையும் ஒப்பிட்டு யாரோ பேசிவிட்டார்கள். ஒரு மாநிலத்தின் தலைமைச் செயலாளருக்கே அதிலிருந்து விடுதலை இல்லை. நான்கு வயதில் அம்மாவிடம், என்னைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற முடியுமா என்று கேட்டதாக அவர் எழுதியிருந்தார். தன் நிறத்தில் அழகைக் காட்டித் தந்தது தன் பிள்ளைகள் என்றும் எழுதியிருந்தார். 1975-இல் வந்த அந்த சிவப்பழகு கிரீம், 2020-இல் பெயரிலிருந்து சிவப்பை எடுத்துவிட்டு 'குளோ' என்று வைத்துக்கொண்டது. பெயரை மாற்ற 45 வருஷம் ஆகியிருக்கிறது. பிள்ளைகள் அதைவிட வேகமாக இருக்கிறார்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். காதலையும் தன் உடம்பையும் கூச்சமில்லாமல் பாடிய ஒரு பெண் நம் மாவட்டத்துக்காரிதான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். நாச்சியார் திருமொழியைப் படித்தவர்களுக்கு அது தெரியும். ஆடிப்பூரத் தேருக்குப் போய் வடம் பிடிக்கிறோம். அவர் படத்தையும் நான் காலண்டருக்காக எத்தனையோ முறை வெளுத்திருக்கிறேன்.

சரி, போட்டோவுக்கு வருகிறேன். கல்யாண மண்டப டியூப்லைட்டில் எடுத்ததால் படம் முழுக்க ஒரு பச்சை படிந்திருந்தது. அதை மட்டும் எடுத்தேன். எடுத்ததும் முகம் அதன் நிறத்துக்கு வந்தது. நல்ல, ஆழமான மாநிறம். அச்சில் கொண்டுவர மிகவும் கஷ்டமான நிறம் அது, நாலு மையும் சரியாக உட்கார வேண்டும். இடுப்பில் கை வைக்கவில்லை. மகனுக்கு அனுப்பினேன். "ஒண்ணுமே பண்ணலையேப்பா?" என்று கேட்டான். பண்ணிவிட்டேன் என்றேன். பேத்திக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். "தாத்தா, இதத்தான் டிபி வைக்கப் போறேன்" என்றாள். வரன் விஷயம் எப்படிப் போகும் என்று தெரியவில்லை. மதுரையில் ஒரு குடும்பம் கேட்டிருக்கிறது. முதலில் பையனைத் தான் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

நேற்று ராத்திரி தங்கச்சிக்குப் போன் போட்டேன். நெகட்டிவ் விஷயத்தை 48 வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பேசினேன். "அத இன்னுமா வச்சிருக்கீங்க? விடுங்கண்ணே" என்றாள். பேச்சை மாற்றுவதற்காக இந்தக் கதையைச் சொன்னேன். நடுநடுவே "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், போட்டி நடக்கும் இடம் வந்ததும் பொறுக்காமல் கேட்டாள்.

"கடைசியில அந்தப் பிள்ள ஜெயிச்சாளா?"

"இல்ல."

"மெலிஞ்சாளா?"

"அதுவும் இல்ல."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். "அப்ப மேடையில ஏறி நின்னாளா, இல்லையா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றாள்.

ஏறி நின்றாள் என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தை முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.